துலக்கிய உரல்

அம்மாக்கண்ணுவுக்கு நாற்பத்தாறு வயதானபோது கைவிரல்கள் மடங்க மறுத்துவிட்டன. முதலில் விடியற்காலைக் குளிரில் மட்டும் மக்கர் செய்தன. பிறகு வெயில் ஏறும் வரைக்கும். 1979 பிறந்தபோது நாள் முழுக்க. இருபத்தெட்டு வருஷம் கொழுந்து கிள்ளிய விரல்கள். அவற்றுக்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அவையே எடுத்துக்கொண்டன. அந்த நேரம் பார்த்துத்தானா தேயிலைத் தோட்டத்துக்குக் கைக்கத்தரி வர வேண்டும்? கிள்ளுகிற காலம் முடிந்தது, இனிக் கத்தரியால் வெட்டி, அதோடு ஒட்டியிருக்கும் பெட்டியில் கொழுந்தை விழவைக்க வேண்டும் என்றார்கள். இளம்பெண்கள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். அம்மாக்கண்ணு அரை நாளில் மூன்று முறை கத்தரியைக் கீழே போட்டாள்.

அவளுக்குக் கத்தரி பெரிதில்லை, வீடுதான் பெரிது. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் குடியிருக்கும் யாராவது ஒருவர் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவில், இருக்க வேண்டும். பெயர் போனால் வீடும் போயிற்று. புருஷன் வீரப்பன் தேயிலை மூட்டை ஏற்றும்போது லோரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்து நாலு வருஷமாகிறது. ஒரே மகள் தெலுக் இந்தான் பக்கம் கட்டிக்கொடுத்துப் போனவள். அங்கே இரண்டு அறையில் ஏழு பேர். ஆக, அந்த வீட்டைத் தாங்கி நின்றது செக்ரோலில் இருந்த அம்மாக்கண்ணு என்ற ஒரு பெயர்தான்.

கிராணி மாடசாமி கெட்டவர் இல்லை. ஆபீஸ் கணக்கப்பிள்ளைக்கு எவ்வளவு நல்லவராக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லவர். ஒருநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவளை நிறுத்திவைத்தார்.

"கத்தரி புடிக்க முடியலன்னா நான் என்னா செய்யிறது சொல்லு? மேனேஜர் நேத்தே கேட்டுட்டாரு."

"பேர மட்டும் அடிச்சிறாதீங்க கிராணியாரே. அந்த மனுசன தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அதுக்குத்தான் நிப்பாட்டுனேன். பழைய உரக் கொட்டகை இருக்குல்ல, அதுல யூனிவர்சிட்டிக்காரரு ஒருத்தரு கல்லு ஆராய்ச்சி பண்றாரு. மேனேஜரோட ஒண்ணாப் படிச்சவராம். கல்லு இடிக்க ஆள் வேணுமாம். அவரு வேல நடக்குற வரைக்கும் ஒன் பேரு செக்ரோல்ல இருக்கும்லா. ஒரல்ல இடிக்கிறது பொம்பளைக்கித் தெரியாததா?"

அம்மாக்கண்ணு அன்றைக்கே கொட்டகைக்குப் போனாள்.

யூனிவர்சிட்டிக்காரர் பெயர் பழனியப்பன். முப்பது வயதிருக்கும், கோலாலம்பூரிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை லேண்ட்ரோவரில் மலையேறி வருவார். கீழே பகாங் சமவெளியில் ரோடு வெட்டிய இடங்களிலிருந்து பெயர்த்த மணற்கற்களைச் சாக்குப் பைகளில் இறக்குவார். ஒவ்வொரு பையிலும் ஓர் எண். கல்லை இரும்பு உரலில் போட்டு இடிக்க வேண்டும். ரொம்ப மாவாகிவிடக் கூடாது, மணியாக உதிர வேண்டும். சலித்து, டூலாங் என்ற அகலமான மரத்தட்டில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்ற வேண்டும். ஈயம் தேடுகிற சீனத்திகள் ஆற்றில் நின்று செய்வார்களே, அதே வேலைதான். லேசான வெள்ளை மணல் தண்ணீரோடு போய்விடும். கனமான பொடி தட்டின் அடியில் ஒரு கோடாகத் தங்கும். அந்தக் கோட்டைக் காயவைத்துக் கடிதாசியில் மடித்து எண் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு சாக்குக் கல்லுக்கு ஒரு சிட்டிகை. இதற்கா இந்தப் பாடு என்று அம்மாக்கண்ணுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது.

உலக்கையில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொண்டாள். விரல் மடங்காவிட்டாலும் இரண்டு உள்ளங்கையால் அணைத்துத் தூக்கலாம். தோள்பட்டை கழன்றது, ஆனால் கொட்டகைக்கு மேலே கூரை இருந்தது, கீழே காலைக் கடிக்கிற அட்டை கிடையாது, நிறை போதவில்லை என்று யாரும் கத்தவில்லை. அவள் வாழ்நாளில் பார்த்த நல்ல வேலை அதுதான். அவ்வளவு நல்ல வேலையும் உடம்பை அப்படி அடித்துப் போட்டது.

பழனியப்பன் ஒரே ஒரு விஷயத்தில்தான் கறாராக இருந்தார். "ஒரு கல்லோட தூள் இன்னொரு கல்லுல கலக்கவே கூடாதும்மா. ஒவ்வொரு தடவையும் உரலைச் சுத்தமா கழுவிடணும். இதுதான் ரொம்ப முக்கியம்."

"அத நீங்க சொல்லணுமா சார்?" என்றாள் அம்மாக்கண்ணு. லயத்தில் அவள் வீட்டுச் சட்டிகளைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்படுவது அவளுக்குத் தெரியாததல்ல.

முதல் மாதத்தில் ஒருமுறை அவளும் கேட்டுப் பார்த்தாள். "எதுக்கு சார் இத இடிக்கிறோம்?"

"ஆராய்ச்சிம்மா. அது பெரிய கதை. கெமிஸ்ட்ரி அது இதுன்னு போகும். உங்களுக்குத் தலைவலிதான் வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்துவிட்டு உலக்கையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் நாற்பத்து மூன்று கற்களை இடித்து முடித்தாள். காலையில் வீரப்பனைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். மத்தியானம் ஓட்டமும் நடையுமாகப் போய் அவனைப் புரட்டிப் போட்டுவிட்டு வருவாள். சாயங்காலம் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. கொட்டகையில் ஒவ்வொரு கல் முடிந்ததும் உரலைக் கவிழ்த்துத் தட்டுவாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் ஓடும் ஓடையிலிருந்து இரண்டு கை மணல் அள்ளிப் போட்டு, தேங்காய் நாரால் கறகறவென்று தேய்ப்பாள். டூலாங்குக்கும் அதே மரியாதை. அப்புறம் நாலு தரம் தண்ணீர் விட்டு அலசி வெயிலில் காயவைப்பாள். உரலின் உள்பக்கம் முகம் பார்க்கிற மாதிரி மின்னும். பழனியப்பனே பார்த்துவிட்டு, "எங்க லேப்ல கூட இவ்வளவு சுத்தம் கிடையாதும்மா" என்று மெச்சியிருக்கிறார். எதைப் போட்டுத் தேய்க்கிறாள் என்று அந்தப் படித்த மனுஷர் கேட்டாரா என்றால், இல்லை.

1981 கடைசியில் ஒருநாள் அவர் வந்தபோது தரையில் கால் பாவவில்லை. ஒரு மைக்ராஸ்கோப்பையும் கையோடு கொண்டுவந்து, கொட்டகை மேசையில் வைத்து, வெளிச்சம் விழும்படி திருப்பினார்.

"அம்மா, இங்க வாங்க. இடிச்ச நீங்கதான் முதல்ல பாக்கணும்."

அம்மாக்கண்ணு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். வட்டமான வெளிச்சத்துக்குள் மணிமணியாக என்னென்னவோ கிடந்தன. நிறமே இல்லாதவை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு.

மனுஷர் சந்தோஷத்தில் இருந்ததால் அன்றைக்குக் கதை முழுவதையும் சொன்னார். இந்த மணற்கல் ஒரு காலத்தில் வெறும் மணல். ஏதோ ஒரு மலை தேய்ந்து, ஆறு அடித்துக்கொண்டு வந்து கொட்டி, இறுகிக் கல்லாகியிருக்கிறது. எந்த மலை? அதுதான் கேள்வி. ஒவ்வொரு மலைப் பாறையிலும் அதற்கென்று சில கனமான மணிகள் உண்டு. மணலுக்குள் அந்த மணிகளைத் தேடிப் பிடித்தால் தாய்மலை எது என்று தெரிந்துவிடும். ரொம்ப தூரம், ரொம்ப காலம் உருண்ட மணி உருண்டையாக மழுங்கியிருக்கும். பக்கத்து மலையிலிருந்து வந்தது கூர் மழுங்காமல் இருக்கும்.

"அந்தக் கறுப்பு, கூரா நிக்குது பாருங்க, அதுக்கு டூர்மலின்னு பேரு. நாம நிக்கிற இந்த மலைப் பாறையில நிறைய இருக்கு. அதுல இரும்பு எவ்வளவு, மத்தது எல்லாம் எவ்வளவுன்னு மெஷின்ல போட்டுப் பாத்தாச்சு. இம்மி பிசகாம ஒத்துப்போகுது. சமவெளி மணல் நம்ம மலையிலேருந்து போனதும்மா! இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. இன்னும் மூணு வருஷத்துக்கு வேலை கிடைச்ச மாதிரிதான். மேனேஜர்கிட்ட உங்க பேரையும் சொல்லிட்டேன், நீங்கதான் இங்க இருக்கணும்னு."

மூன்று வருஷம்! மூன்று வருஷத்துக்கு வீடு இருக்கிறது. சந்தோஷத்தோடேயே மறுபடி குனிந்து பார்த்தாள். கறுப்பாக, ஒரு பக்கம் உடைந்த குச்சி போல, மினுமினுவென்று நீட்டிக்கொண்டிருந்த அதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது. உரல் தேய்க்கிறபோதெல்லாம் பார்ப்பாள். ஈர உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்குமே, அது.

"சார், இது நம்ம ஓட மணலு மாதிரியே இருக்கு."

"அதேதான்லா! அதத்தான் நானும் சொல்றேன்!" பழனியப்பன் கைதட்டிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்த உரலைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் போன மறுநாள், வந்திருந்த புதுச் சாக்கில் முதல் கல்லை எடுத்தாள். உரலையும் டூலாங்கையும் மணல் போடாமல் வெறும் தண்ணீரிலேயே பத்துத் தடவைக்கு மேல் அலசினாள். நார் படாத இடுக்குகளைத் துடைப்பக் குச்சியால் நோண்டினாள். அப்படியும் டூலாங் மரத்தின் கீறல்களிலிருந்து கறுப்புத் துகள் வந்துகொண்டே இருந்தது. அது நின்ற பிறகுதான் கல்லை இடித்துச் சுழற்றினாள். வழக்கமாகத் தங்குகிற கறுப்புக் கோட்டில் கால்வாசிகூட இல்லை. நம்ப மாட்டாமல் இன்னொரு கல்லை எடுத்தாள். அதுவும் அப்படியே. உலக்கையைச் சாய்த்துவைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வீரப்பனிடம் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வேற யாருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? நான்தானே தேய்க்கிறேன்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. யாருக்கு என்னா நட்டம் சொல்லு? கல்லு எந்திரிச்சி வந்து நியாயம் கேக்கப் போவுதா? மூணு வருசம் புள்ள. அதுக்குள்ள நானே போய்ச் சேந்துருவேன். அப்புறம் நீ மக வூட்டுக்குப் போயிக்க."

அவன் சொன்னதில் தப்பென்று எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. நியாயமாகத்தான் இருந்தது. மூன்று வாரமும் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். ஆனால் உலக்கை எழும்ப மாட்டேனென்றது. முன்பெல்லாம் தோள் வலித்தாலும் ஏதோ ஒன்றுக்காக இடிக்கிறோம் என்றிருந்தது. என்னவென்று தெரியாவிட்டாலும் படித்தவர்கள் வைத்திருக்கும் வேலை, வீணாகாது. இப்போது அது என்னவென்றும் தெரியும், வீண் என்றும் தெரியும். பழனியப்பன் வருவதற்கு முந்தின நாள் வீரப்பனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சொல்லிறப் போறேன்."

"ஏன்டி? நல்லவ பேரு வாங்கவா?"

"நல்லவளும் இல்ல ஒண்ணும் இல்ல. வீணாப் போற வேலைக்கு மூணு வருசம் ஒலக்கய தூக்க எனக்குத் தெம்பு இல்லங்க."

வீரப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் அவர் லேண்ட்ரோவரை விட்டு இறங்கக்கூட இல்லை, போய் நின்றாள்.

"சார், அன்னைக்கிக் காட்டுனீங்களே கருப்பு, கூரா இருந்துச்சே. அது கல்லுல இருந்து வரல. நான் போட்டது."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒரலயும் டூலாங்கயும் நான் ஓட மணலு போட்டுத்தான் தேய்ப்பேன். ஒவ்வொரு கல்லு முடிஞ்சதும். ஒண்ணோட தூளு ஒண்ணுல கலக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

பழனியப்பன் இறங்கி நேராகக் கொட்டகைக்குள் போனார். ஒரு காலி சோடா போத்தலைக் கழுவித் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"வழக்கமா எப்படித் தேய்ப்பீங்களோ அப்படித் தேய்ங்க. அப்புறம் இத இடிங்க."

அவள் மணல் போட்டுத் தேய்த்து அலசினாள். கண்ணாடியை இடித்தாள், சலித்தாள், டூலாங்கில் போட்டுச் சுழற்றினாள். கண்ணாடித் தூள் தண்ணீரோடு போயிற்று. தட்டின் அடியில் கறுப்பாக ஒரு கோடு நின்றது. போத்தலுக்கு எந்த மலை தாய்? இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். "ரெண்டு வருஷம்மா," என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

அம்மாக்கண்ணுவுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது. "அன்னைக்கி மைக்ராஸ்கோப்புல காட்டிச் சொன்னத மொத நாளே சொல்லியிருந்தா, நான் மணல கையால தொட்டிருப்பேனா சார்? எனக்கு எந்தத் தலைவலியும் வரலியே. புரிஞ்சுதே."

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "ஆமாம்மா. தப்பு என்னோடது."

நாற்பத்து மூன்று கற்களையும் மறுபடி இடித்தார்கள். நல்ல வேளை, ஒவ்வொன்றிலும் பாதியைப் பழனியப்பன் எடுத்துவைத்திருந்தார். புது உரல் வந்தது, டூலாங்குக்குப் பதில் இனாமல் தாம்பாளம், தேய்க்க பிரஷ், அலசக் கேன் கேனாகச் சுத்தத் தண்ணீர். இந்த முறை ஒவ்வொரு பொட்டலத்தின் மணிகளையும் மைக்ராஸ்கோப்பில் அவளையும் பார்க்கச் சொல்லி எண்ணினார். கூரான கறுப்பு ஒவ்வொரு கல்லிலும் காணாமல் போயிற்று. உருண்டு மழுங்கிய மணிகள் மட்டும் மிஞ்சின. தாய்மலை இது இல்லை. அந்தக் கூர் குறையக் குறைய, தன் மூன்று வருஷமும் அதோடு கழுவிக்கொண்டு போகிறது என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும். பழனியப்பனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "அவசரமே இல்லம்மா, மெதுவா செய்ங்க" என்று வரும்போதெல்லாம் சொன்னார். அவளுக்கு மெதுவாகச் செய்யத் தெரியாது. தோட்டத்தில் யாருக்கும் அதைப் பழக்கியதில்லை. எட்டு மாதத்தில் முடித்துவிட்டாள்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்த முடிவுக்கு மேலும் கொடுப்பதாக இல்லை. பழனியப்பன் மேனேஜரிடம் போய் அரை மணி நேரம் பேசினார். ஒன்றாகப் படித்தவர் என்ற மரியாதைக்கு அவள் பெயரை விட்டுவைக்க மூன்று மாதத் தவணை கிடைத்தது. 1982 கடைசியில் கிராணி மாடசாமி செக்ரோலில் அந்தப் பெயரின்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வீரப்பனின் தம்பி கருப்பையா கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தான். உரம் வைக்கும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் குடிசையைப் பேசி வைத்திருந்தான்.

கோஸ் ஏற்றுகிற லோரி வந்து லயத்து முன்னால் நின்ற காலையில் பழனியப்பனும் வந்தார். தூறிக்கொண்டிருந்தது. கருப்பையா சட்டி பானைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவர் பையிலிருந்து டைப் அடித்த தாள்களை எடுத்தார்.

"ரிப்போர்ட் முடிச்சிட்டேன்மா. முதல் தடவை வந்த முடிவு ஏன் தப்புன்னு எழுதியாகணும். உங்க பேரு எங்கயும் வராது, கவலைப்படாதீங்க."

"என்னா எழுதியிருக்கீங்க?"

"பொதுவாத்தான். கருவிகள் சரியா சுத்தம் செய்யப்படாததால பிழை நேர்ந்ததுன்னு."

அம்மாக்கண்ணு கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள். பெயரை அடித்த அன்றைக்குக்கூட அவள் குரல் இப்படி ஏறவில்லை. கருப்பையா திரும்பிப் பார்த்தான்.

"சுத்தம் இல்லையா? யாரப் பாத்து சார் சுத்தம் இல்லங்குறீங்க? ரெண்டு வருசம் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்த ஒரலு அழுக்கா இருந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

"அம்மா, அது சும்மா ஒரு வழக்கம்..."

"சுத்தமா இருந்துச்சு. சுத்தம் பண்ணித்தான் கெட்டுச்சு. வேலக்காரி ஓட மணலு போட்டுத் தேச்சான்னு அப்படியே எழுதுங்க. மணலு போட்டுத் தேய்க்கக்கூடாதுன்னு அவகிட்ட யாரும் சொல்லலன்னும் எழுதுங்க. வீடு போவட்டும் சார், அத நான் தெரிஞ்சுதான் விட்டேன். இத விடமாட்டேன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. பழனியப்பன் லோரியின் ஈரப் பலகைமேல் தாளை வைத்து, அந்த வரியைப் பேனாவால் அடித்தார். மேலே இடுக்கில் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி முடித்ததும், என்ன எழுதியிருக்கிறார் என்று தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னார். "இன்னொரு தடவ" என்றாள். ஒவ்வொரு வார்த்தையாக மறுபடியும் சொன்னார். உரல் ஒவ்வொரு கல்லுக்குப் பிறகும் ஓடை மணலால் துலக்கப்பட்டது. அதில் மணல் படக்கூடாது என்பதை வேலையாளிடம் ஆய்வாளர் சொல்லவில்லை. பிழையைக் கண்டுபிடித்தவர் அந்த வேலையாளே.

"அவ பேரு?" என்றாள் அம்மாக்கண்ணு.

அவர் மறுபடி குனிந்து அதையும் எழுதினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீரப்பனைத் தூக்கக் கருப்பையாவைக் கூப்பிட்டபடி உள்ளே போனாள்.